வாய் கட்டிய பெட்டி

போன மாதம் நான் வேலை பார்த்த கடையிலிருந்து போன் வந்தது. கிதார் ஒலியைப் பெருக்கும் ஆம்புகளைச் சோதிக்கும் அறையை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்களாம். இனி அங்கே பெட்டிகளை அடுக்கத் தேவையில்லை. செங்கல் அளவில் ஒரு கருவி வந்துவிட்டது. உலகத்து ஆம்புகள் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, விரலால் தள்ளித் தள்ளி வேண்டிய சத்தத்தை எடுத்துக்கொள்ளலாம். நல்லதுதான். நான்கு ஸ்பீக்கர் போட்ட பெட்டியை மாடிப்படியில் ஏற்றி இறக்கிய என் இடுப்பைக் கேட்டால் ரொம்ப நல்லது என்றே சொல்லும்.

பேசியவள் இப்போது கடையை நிர்வகிக்கிற பெண். போனை வைக்கப் போகும்போது ஒன்று கேட்டாள். "ஸ்டெல்லாக்கா, அந்த ரூம்ல கெழக்கு மூலை மட்டும் ஏனுங்க்கா காலியாவே கெடக்குது? தரையில பெயின்ட்ல கட்டம் வேற போட்டிருக்குது. பழைய ஆளுக ஒருத்தரும் அதுமேல ஒண்ணும் வைக்க மாட்டீங்கறாங்க."

போனில் சொல்கிற சங்கதி இல்லை அம்மணி, எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் என் வேலைக்காலம் முழுவதும் கூடவே வருகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்குத் துடியலூர். அப்பா ஃபவுண்டரியில் வேலை பார்த்தார். நான் பள்ளிக்கூடம் முடித்ததும் பம்பு மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் சுற்றப் போனேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் பாடகர் குழுவில் கிதார் வாசிப்பேன். ஒருமுறை கோயில் ஆம்பைப் பழுது பார்க்க வந்த இந்தக் கடைக்காரர் கமால் பாய், நான் வாசித்ததைக் கேட்டுவிட்டு, "கண்ணு, உன்ற கைல உணர்ச்சியே இல்ல. வேலைக்கு வாரியா?" என்றார். பாராட்டா திட்டா என்று புரியாமலேயே போய்ச் சேர்ந்தேன். முதல் சில வருஷங்கள் ஈயம் வைத்ததிலும் பெட்டிக்குத் துணி ஒட்டியதிலும் திட்டு வாங்கியதிலும் கழிந்தன. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

கமால் பாய் கோட்டைமேட்டுக்காரர். ஒல்லியான ஆள், வெள்ளைச் சட்டை, காதில் எப்போதும் ஒரு பென்சில். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் எனக்கும் 'ங்க' போட ஆரம்பித்துவிடுவார். "ஸ்டெல்லாங்க, இதுக்குப் பேரு ஈயம் வெக்கறதுங்களா?" என்று கேட்டாரானால் அன்றைக்கு நான் தொலைந்தேன் என்று அர்த்தம்.

கிதாருக்கு ஆம்ப் வாங்க வருகிறவர்கள் கண்ணால் வாங்குவார்கள் என்பது அவருடைய தீராத குறை. பெரிய பெட்டி, பெயர் பெற்ற கம்பெனி, பளபளக்கும் குமிழ், இதையெல்லாம் பார்த்துவிட்ட பிறகு காது வேலை செய்யாது என்பார். அதனால் எங்கள் கடையில் ஒரு முறை இருந்தது. வருகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டு அறைக்குள் வர வேண்டும். சுவரைப் பார்த்துப் போட்ட ஸ்டூலில் உட்கார வேண்டும். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு திரை. திரைக்குப் பின்னால் ஆம்புகள், பெட்டிகள், நான். அவர் கொண்டுவந்த கிதாரையே நான் ஒவ்வொரு ஆம்பிலும் மாட்டி வாசிப்பேன். எது என்று சொல்ல மாட்டோம். கேட்டு, "இது" என்று அவர் சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு துண்டைத்தான் வாசிப்பேன். மேல் சுரத்திலிருந்து ஏழு நோட்டு இறங்கி வரும். ஒரே வேகம், ஒரே அழுத்தம். கை மாறினால் வந்தவருக்குப் பெட்டியின் சத்தம் தெரியாது, என் கைதான் தெரியும். எட்டாவது நோட்டில் அந்த ராகம் வீடு போய்ச் சேர வேண்டும். அதை வாசிக்கவே கூடாது, ஏழோடு கம்பியை உள்ளங்கையால் அமுக்கிவிட வேண்டும் என்பது பாயின் உத்தரவு. "பாட்டு முடிஞ்சா மனசு சமாதானம் ஆயிரும் கண்ணு. சமாதானமான மனசு எந்தக் கழிசடைப் பொட்டியையும் வாங்கிப்போடும்." இப்படி ஒரு வியாபாரியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இன்னொரு வேலை உண்டு. ஒரு பெட்டி பாடும்போது அறையில் சும்மா இருக்கும் மற்றப் பெட்டிகளின் ஸ்பீக்கர் காகிதமும் காற்றில் அசையும். அதுவும் ஒரு முனகல் முனகும். அது கலந்தால் கணக்குத் தப்பிவிடும். அதனால் வாசிக்காத பெட்டிகளின் பின்னால் உள்ள இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவோம். அப்படிச் செய்தால் ஸ்பீக்கர் தன்னைத்தானே பிடித்து நிறுத்திக்கொள்ளும். விரலால் அழுத்தினால் சேற்றில் கை வைத்தது போல மந்தமாக நகரும். இதற்கு நாங்கள் வைத்த பெயர் வாய்க்கட்டு. ஒரு பெட்டி வாய்க்கட்டு இல்லாமல் இருந்தாலும் எனக்கு 'ங்க' விழும்.

வந்தவர்கள் செருப்பைக் கழற்றச் சொல்வதை மரியாதைக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் வந்தவர்களின் கால்விரலைப் பாய் பார்ப்பதற்காக அது. வாய் பொய் சொல்லும், முகம் நடிக்கும், சரியான சத்தம் கேட்டால் கால்விரல் தரையைப் பிடித்து மடங்கும் என்பார். சரவணம்பட்டியிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் வந்தார். நூறு வாட் ஆம்பும் ஆள் உயரப் பெட்டியும்தான் வேண்டும் என்று இணையத்தில் படித்துத் தீர்மானமாக வந்தவர். ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணாடிக் குழாய் போட்ட ஐந்து வாட் வால்வ் ஆம்புக்கு விரலை மடக்கிவிட்டார். திரையை விலக்கிக் காட்டியதும், "இத்தனூண்டா?" என்று சோர்ந்து போனார். நான் பெட்டிகளுக்குப் பின்னால் குனிந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அன்னூரில் தகரக்கூரை போட்ட ஒரு தேவாலயத்துக்காரர்கள், இருப்பதிலேயே சத்தமான பெட்டி வேண்டும் என்று நின்றார்கள். பாய் நேரில் போய் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டினார். அந்தக் கைதட்டல் கூரையில் ஓடி அடங்கும்வரை காத்திருந்தார். பின்பக்கம் திறந்த பெட்டி சத்தத்தை அறை முழுக்க இறைக்கும், மூடியது இறுக்கிப் பிடித்து முன்னால் தள்ளும். இங்கே இறைத்தால் பிரசங்கமே கேட்காது என்று சொல்லி, மூடிய சின்னப் பெட்டியாக ஒன்று கொடுத்தார். கொஞ்சம் முணுமுணுத்தார்கள். பிறகு கிறிஸ்துமஸுக்குக் கேக் அனுப்பினார்கள்.

இனி அந்த மூலைக்கு வருகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஆறேழு வருஷம் முந்தி, மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம், கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவர் பெயர் சேசுராஜ், வாழைத்தார் வியாபாரம். அந்த அம்மா மரியபுஷ்பம். ஒரு கிதார் உறையை மடியில் வைத்துக்கொண்டு, யார் வாசிக்கப் போவது என்று தெரியும்வரை யாரிடமும் தரவில்லை. நான்தான் என்றதும் என் கைகளை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பிறகே கொடுத்தார்.

சேசுராஜ் செருப்பைக் கழற்றவில்லை. அறைக்குள்ளும் வரவில்லை. வாசலில் நின்றே பாயிடம் தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னார். ஒரே மகன். ஆல்பர்ட் என்ற பெயர் அந்த அம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. கச்சேரிக் குழுவில் கிதார் வாசித்தவன். தாராபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு முடிந்து திரும்பும்போது வேன் கவிழ்ந்து செத்துப்போனான். ஆம்பும் பெட்டியும் வேனோடு நசுங்கிவிட்டன. அன்றைக்கு வேறு கிதார் கொண்டுபோயிருந்ததால் இது மட்டும் வீட்டில் தப்பியது. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் இவளுக்குத் தூக்கமில்லை, அவன் சத்தம் வேண்டும் என்ற ஒரே பேச்சு.

"நாளைக்குக் காலைல மனசு டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேனுங்க பாய். அதுக்கு முன்னால இதையும் ஒருக்காப் பாத்துப்போடலாம்னு கூட்டியாந்தேன். கெடைச்சா வாங்கிக்கறேன். கெடைக்கலீன்னா இந்தப் பேச்சு இன்னிக்கோட முடியணுமுங்க," என்றார். பேச்சில் ஒரு இடத்திலும் 'செத்துப்போனான்' என்ற சொல்லை அவர் தவறவிடவில்லை. அழுத்தி அழுத்திச் சொன்னார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இப்போது நினைத்தால் வரவில்லை.

அந்த அம்மாவுக்கு ஆம்ப் எந்தக் கம்பெனி என்று தெரியவில்லை. கறுப்பு, சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான். போனில் இருந்த வீடியோக்களில் டிரம்ஸும் கூட்டமுமே கேட்டன. "மூஞ்சி போட்டோல இருக்குதுங்க. பேச்சு போன்ல இருக்குதுங்க. கிதார் சத்தம் மட்டும் எங்கயும் இல்லீங்க பாய். எனக்கு மறந்துட்டே வருதுங்க," என்றார். எப்படி இருக்கும் என்று பாய் கேட்டார். மகன் வாசித்தால் சமையல்கட்டில் டம்ளர்கள் லேசாக நடுங்கும், காதுக்கு முன்னால் தொண்டையில் தெரியும் என்றார். "சோறு ஆறிப்போயிருமுங்க, வர மாட்டான். அவங்கப்பா வாசல்ல இருந்து, 'டேய், சாப்புட்டுப்போட்டு வாசிடா'ம்பாரு. அப்புறந்தான் கடேசியா ஒண்ணு தட்டி நிறுத்துவான்."

பாய் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டார். டம்ளர் நடுங்கினால் அடித்தொனி உண்டு. தொண்டையில் தெரிந்தால் வால்வ் ஆம்ப், பின்பக்கம் மூடிய பெட்டி. ஆனாலும் முறைப்படி எல்லாவற்றையும் வாசிக்கச் சொன்னார். நான் கிதாரை எடுத்தேன். கம்பிகள் துருவேறிக் கிடந்தன. மாற்றட்டுமா என்றதற்கு அந்த அம்மா, "வேண்டாங்கண்ணு, அவன் வேர்வை அதுல இருக்குது," என்றார். வாசித்து முடித்த பிறகும் என் விரல்களில் அந்தத் துரு வாசம் இருந்தது.

திரை தரையிலிருந்து ஒரு சாண் மேலேயே நிற்கும். அடியில் அந்த அம்மாவின் பாதங்கள் எனக்குத் தெரிந்தன. சின்ன டிரான்சிஸ்டர் ஆம்பில் ஏழு நோட்டு வாசித்து அமுக்கினேன். "இல்லீங்க." வால்வ் ஆம்பில், பின்பக்கம் திறந்த பெட்டியோடு வாசித்தேன். "இல்லீங்க." இரட்டை ஸ்பீக்கர் பெட்டியில் வாசித்தேன். "கிட்ட வருதுங்க. இல்லீங்க." பாதங்கள் தட்டையாகவே இருந்தன. நான்காவதாக அதே வால்வ் ஆம்பை, மூடிய ஒற்றை ஸ்பீக்கர் பெட்டியில் மாட்டினேன். ஏழு நோட்டு. கம்பியை அமுக்கினேன். அறை அமைதியானது.

பத்து விரல்களும் தரையைப் பிடித்து மடங்கின.

"இதுதாங்க," என்றார் அந்த அம்மா. "முடிச்சுட்டான்."

நான் முடிக்கவில்லை. என் உள்ளங்கை கம்பிகளின் மேலேயே இருந்தது. பாய் திரையை விலக்கி என் கையைப் பார்த்தார். பிறகு, முடித்தது எந்தப் பெட்டி என்று அந்த அம்மாவைக் கேட்டார். அவர் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே கையைப் பின்னால் நீட்டி, வாசித்த பெட்டியை விட்டுவிட்டு, கிழக்கு மூலையைக் காட்டினார்.

அங்கே இருந்தது பாய் இளவயதில் தன் கையால் செய்த முதல் பெட்டி. மாம்பலகை, வெளுத்துப்போன துணி. வாசித்தால் கரகர என்று கத்தும், ஒருத்தரும் வாங்கவில்லை. டீத் தட்டு வைக்கத்தான் அது ஆகும். பாய் தட்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியைத் திருப்பினார். வாய்க்கட்டு விட்டுப்போயிருக்கும், எனக்கு 'ங்க' விழப் போகிறது என்று நினைத்தேன். வயர் இருந்தது. இழுத்துப் பார்த்தார், மீட்டர் வைத்துப் பார்த்தார், எல்லாம் சரி. இருந்தாலும் அதை அவிழ்த்துவிட்டுப் புது வயரால் தானே கட்டினார். ஸ்பீக்கரை அழுத்தினார். சேறு போலத்தான் நகர்ந்தது.

ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டு, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன், அமுக்கினேன். எனக்கு மழைச் சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை. அந்த அம்மா, "ஆமாங்க," என்றார்.

நான் கீழே பார்த்தேன். பாயின் கால்விரல்களும் மடங்கியிருந்தன.

அவரே அதன் வாய்க்கட்டை அவிழ்த்தார். பிறகு அந்த மூலைப் பெட்டியையே ஆம்பில் மாட்டி வாசிக்கச் சொன்னார். கரகரத்தது. "இது பொட்டிச் சத்தமுங்க," என்று அந்த அம்மா மறுத்துத் தலையாட்டிவிட்டார். திரும்ப வாய் கட்டி மூலையில் வைத்து, பழையபடி மற்றதில் வாசித்தால், "ஆமாங்க". சேசுராஜைக் கூப்பிட்டு, உங்கள் பையன் எப்போதாவது இங்கே வந்து இதைத் தொட்டிருக்கிறானா என்று கேட்டார் பாய். அவன் இந்தக் கடைக்கு வந்ததே இல்லை, நசுங்கின அவன் பெட்டியையும் தானே பழைய சாமான் கடையில் போட்டுவிட்டதாக அவர் சொன்னார். அப்புறம் அவர் முகம் சிவந்தது. "பாவம் பாத்து நீங்களும் அவகூட சேந்துக்காதீங்க பாய்."

"யாவாரத்துல நான் பொய் சொன்னதில்லீங்க," என்றார் பாய். "எனக்கு வெளங்கலீங்க. ஆனா அம்மா கேக்கறது நெசமுங்க."

ஆம்புக்கும் ஒற்றைப் பெட்டிக்கும் விலை வாங்கினார். மூலைப் பெட்டிக்கு விலை இல்லை என்றுவிட்டார். அதை எடுப்பதற்கு முன்னால் அது நின்ற இடத்தைச் சுற்றித் தரையில் பெயின்டால் கட்டம் போட்டார். வீட்டிலும் இதே கோணத்தில், இதே தூரத்தில் வைக்க வேண்டும், வாய்க்கட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் அவிழ்க்கக் கூடாது என்றார். அந்தக் கட்டத்தை அப்புறம் அழிக்கவும் விடவில்லை. பெட்டி என்றைக்காவது திரும்பி வந்தால் அதற்கு இடம் வேண்டும் என்பார்.

வீட்டில் வாசிக்க ஆள் இல்லை. அதனால் கிதாரில் ஏழு இடத்தில் பிளாஸ்திரி ஒட்டி, ஒற்றை விரலால் அந்தத் துண்டை அந்த அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பாவம் இந்த அம்மாவுக்காவது முடியட்டுமே என்று எட்டாவது இடத்துக்கும் பிளாஸ்திரி கிழித்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "அது வேண்டாங்கண்ணு. அது அவனுது."

டாக்டரிடம் போவதைச் சேசுராஜ் அப்போதைக்குத் தள்ளிப்போட்டார். சில மாதம் கழித்து அவரே போன் செய்தார். ஆம்ப் உறுமுகிறது, வந்து பாருங்கள். அப்படியே அந்த ஊமைப் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்றார். இவள் நாள் முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், ஆஸ்பத்திரியில் சேர்ப்பதாக முடிவு செய்துவிட்டேன் என்றார். பாய் கடை வேனைக் கொடுத்து என்னை அனுப்பினார். தானே போயிருக்கலாம். போகவில்லை. அவருக்குப் பயம் என்று நினைக்கிறேன்.

கோபிக்கு வெளியே, வாழைத்தோட்டத்தை ஒட்டிய வீடு. நான் போனபோது வாசலில் லாரி நின்றது. சேசுராஜ் தார்களை எண்ணி ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "வாங்கம்மணி, உள்ள இருக்கறா," என்றதோடு சரி. பெட்டியை வைத்திருந்த அறையில் அவர் காலே வைத்ததில்லை, மகன் போன பிறகு அவன் பெயரையும் சொன்னதில்லை என்று அந்த அம்மா பிறகு சொன்னார். மனைவி கிதாரைத் தொட்டாலே தோட்டத்துப் பக்கம் போய்விடுவாராம்.

உறுமல் ஒன்றுமில்லை, ஒரு வால்வ் ஆட்டம் கண்டிருந்தது. மாற்றினேன். மூலையில் பெட்டி, பாய் சொன்ன கோணம் மாறாமல் இருந்தது. வாய்க்கட்டைத் தொட்டுப் பார்த்தேன், பாய் முறுக்கிய முறுக்கு அப்படியே இருந்தது. எடுத்துப் போகத்தான் வேனோடு வந்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது என்று தவித்தேன். அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அழவில்லை, கெஞ்சவில்லை. "எடுக்கறதுக்கு முன்னால ஒருக்கா வாசிச்சுப்போடு கண்ணு. என்ற கை தட்டுக்கெட்டுத்தான் வாசிக்கும். உன்ற கைன்னா நல்லா வரும்."

பழுது பார்த்த ஆம்பை எப்படியும் வாசித்துப் பார்க்க வேண்டும். துருவேறிய கம்பிகளில், கை மாறாமல், ஏழு நோட்டு இறங்கினேன். உள்ளங்கையால் அமுக்கினேன்.

முதலில் சமையல்கட்டில் டம்ளர்கள் நடுங்கின. அதன் பிறகு மூலையிலிருந்து அது வந்தது. நான் ஒருநாளும் வாசிக்காத எட்டாவது நோட்டு. மெதுவாக, அவசரமில்லாமல், என் தொண்டைக்குள்ளேயே எழுந்தது போல வந்தது. கம்பிகள் என் கைக்கு அடியில் செத்துக் கிடந்தன. எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் என் கால்விரல்கள் மடங்கியிருந்தன. அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை, வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் தார் எண்ணும் குரல் நின்றது. பிறகு சேசுராஜ், வேலை மும்முரத்தில், யோசிக்காமல், எரிச்சலோடு வீட்டைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"டேய் ஆல்பர்ட், சாப்புட்டுப்போட்டு வாசிடா."

அதற்கப்புறம் லாரிப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அவர் படியேறி வருவது கேட்டது. கதவுக்கு வெளியே நின்றார். மூலையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்து, மனைவியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"இன்னொருக்கா வாசிங்கம்மணி," என்றார்.

வாசித்தேன். வேனைக் காலியாகவே திருப்பிக் கொண்டுவந்தேன்.